கம்பத்தில் ஏறுபவர் யார்? தாமிரபரணிக் கரையில் ஒரு ஃபைபர் இணைய வழக்கு

2024 ஆடி மாதம். சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில் உள்ள ஒரு பேரூராட்சி. ஊர்ப் பெயரும் கம்பெனிப் பெயர்களும் இங்கே தேவையில்லை. இந்தப் பக்கத்தில் எந்த ஊரை எடுத்தாலும் கதை ஏறத்தாழ இதுதான். அங்கே என் மதினி ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸ் பெயருக்குத்தான். பட்டா, சிட்டா எடுப்பது, கரண்ட் பில் கட்டுவது, பான் கார்டு, தேர்வு விண்ணப்பம் என்று கடை ஓடுவதே இணையத்தால்.

அன்றைக்கு ஓர் அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். காலை பதினொரு மணி இருக்கும். சான்றிதழ்க் கவரோடு ஏழெட்டுப் பிள்ளைகள் கடையில் நிற்கும்போது, சுவரில் இருந்த ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. மதினி பதறவில்லை. அவரிடம் வேறு கம்பெனியின் இணைப்பு ஒன்றும் இருந்தது. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்று ஒரு வருடம் முன்னால் நான்தான் வற்புறுத்தி எடுக்க வைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் அந்தப் பெட்டியிலும் சிவப்பு.

"தம்பி, ரெண்டும் சேந்தாப்ல போயிட்டு. நீங்க சொல்லித்தான ரெண்டாவது எடுத்தேன்?" என்று போனில் கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

கடை இருக்கிற சந்தில் செல்போன் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். அதை வைத்து ஒரு விண்ணப்பம் ஏற்ற முக்கால் மணி நேரம் ஆனது. மற்ற பிள்ளைகள் பஸ் பிடித்து அம்பாசமுத்திரம் போனார்கள். மாலையில் அங்கேயும் கூட்டம். ஒரு பிள்ளையின் விண்ணப்பம் கடைசி வரை போகவே இல்லை. லைன் சரியாக இரண்டரை நாள் ஆனது.

நான் பாளையங்கோட்டையில் நுகர்வோர் வழக்குகள் பார்க்கிற வக்கீல். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனது மதினியைச் சமாதானப்படுத்தத்தான். போன இடத்தில் பார்த்ததுதான் இந்த ஆய்வுக்குக் காரணம்.

தெரு முனையில் ஒரு வேப்பமரம். பொதிகைப் பக்கமிருந்து வந்த ஆடிக் காற்றில் அதன் கிளை ஒடிந்து கேபிள் மேல் விழுந்திருந்தது. ஒட்டுவேலை செய்கிற பையன் ஏணியை இறக்கி வைத்துவிட்டு, அறுந்த முனையைத் தரையில் விரித்த சாக்கின் மேல் போட்டு உரித்துக்கொண்டிருந்தான். கறுப்பு உறைக்குள் பன்னிரண்டு இழைகள், தலைமுடி கனம், ஒவ்வொன்றும் ஒரு நிறம். நீலத்தை எடுத்து ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, நறுக்கி, மெஷினில் வைத்தான். திரையில் இரண்டு முனைகளும் நேருக்கு நேர் வந்து ஒட்டிக்கொண்டன. அடுத்து ஆரஞ்சு.

"நீலம் எந்தக் கம்பெனிப்பா?"

முதல் கம்பெனியின் பெயரைச் சொன்னான்.

"ஆரஞ்சு?"

இரண்டாவது கம்பெனியின் பெயரைச் சொன்னான். "ரெண்டும் ஒரே கேபிள்தான் சார். ரெண்டுமே நம்ம கண்ட்ரோல் ரூமுக்குத்தான் போவுது."

கண்ட்ரோல் ரூம் என்பது ஊரில் கேபிள் டிவி நடத்துகிற அண்ணாச்சியின் மாடி அறை. மதினி மாதாமாதம் இரண்டு கம்பெனிக்குப் பணம் கட்டினார். இரண்டு பில், இரண்டு வாடிக்கையாளர் எண், இரண்டு ஆப். ஆனால் கம்பத்தில் ஒரே உறை, கம்பத்தின் மேல் ஒரே ஆள்.

மூன்றாவது கம்பெனி வந்தது

ஆவணி பிறந்ததும் மூன்றாவதாக ஒரு கம்பெனி ஊருக்குள் வந்தது. மூன்று மாதம் இலவசம் என்று பஸ் நிறுத்தத்தில் பேனர் கட்டினார்கள். மதினியின் தெருவுக்கும் கேபிள் இழுத்தார்கள். நான்காம் நாள் அது அறுந்து தொங்கியது. அணில் கடித்திருக்கும் என்றார்கள். மறுபடி இழுத்தார்கள், ஒரு வாரத்தில் அதுவும் அறுந்தது.

இரண்டாவது முறை அறுந்த துண்டு என்னிடம் இருக்கிறது. அணில் கடித்த கேபிளைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும்: உறை பிய்ந்து, பல் தடம் பதிந்து, உள்ளே இருக்கிற கம்பி நூல் நூலாகத் தொங்கும். இந்தத் துண்டின் முனை கட்டிங் பிளேயரால் ஒரே அழுத்தில் நறுக்கியது போலத் தட்டையாக இருந்தது. யார் நறுக்கினார்கள் என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை, அதனால் யார் மேலும் பழி சொல்லவில்லை. விளைவு மட்டும் உறுதி. புதிய கம்பெனி அந்தத் தெருவை விட்டுவிட்டு மெயின் ரோட்டோடு நின்றுகொண்டது.

அண்ணாச்சியின் பக்கம்

அவரைப் போய்ப் பார்த்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு ஒருதலைப்பட்சமாகிவிடும்.

முப்பது வருடத்துக்கு முன் டிஷ் வைத்துக் கேபிள் டிவி தொடங்கியவர். மழையில் கம்பம் ஏறி ஒரு முறை கீழே விழுந்து கால் உடைந்தவர். டிவி இணைப்புகள் குறையக் குறைய, வட்டிக்கு வாங்கி ஃபைபர் போட்டார். "நான் நட்ட கம்பம் தம்பி. நான் கட்டுன வட்டி. மூணு மாசம் சும்மா குடுக்கேன்னு ஒருத்தன் வந்து அதுல ஏறுவான், நான் கீழ நின்னு பாக்கணுமா? நாலாம் மாசம் நான் இருக்க மாட்டேன். அஞ்சாம் மாசம் அவன் வெலைய ஏத்துவான். அன்னைக்கு உங்க மதினி யார்ட்ட போவாங்க?"

இதில் பாதி நியாயம். பெரிய கம்பெனி அடக்க விலைக்குக் கீழே விற்று, சிறியவர்களை விரட்டிவிட்டு, பிறகு விலை ஏற்றுவது போட்டிச் சட்டம் கண்காணிக்க வேண்டிய முதல் ஆபத்துகளில் ஒன்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018 பிப்ரவரியில் இதற்கென்றே கட்டண ஆணையில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஒரு சந்தையில் 30 சதவீதத்துக்கு மேல் பங்குள்ள கம்பெனி சராசரி மாறும் செலவுக்கு, அதாவது சேவை கூடக் கூட ஏறுகிற செலவின் சராசரிக்குக் கீழே விலை வைத்தால் அபராதம் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் அந்தப் பகுதிகளை ரத்து செய்தது. அண்ணாச்சியின் பயத்துக்கு ஆதாரம் உண்டு.

மற்றப் பாதியில் நியாயம் இல்லை. கம்பம் அவருடையது, நிற்கிற மண் ஊருடையது. சில இடங்களில் கம்பமே மின்வாரியத்துடையது. அவர் கேபிள் அதில் தொற்றிக்கொண்டு போகிறது.

சந்தை என்பது எது?

போட்டி ஒழுங்குமுறையில் முதல் கேள்வி எப்போதும் இதுதான். பதிலைப் பொறுத்துத்தான் மற்றது எல்லாம்.

டிராய் மாதந்தோறும் வெளியிடும் கணக்கைப் பார்த்தால் கவலைப்பட ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். 2024இல் நாட்டில் கம்பிவழி பிராட்பேண்ட் இணைப்புகள் சுமார் 4 கோடி. பெரிய கம்பெனிகள் பல, கூடவே நூற்றுக்கணக்கான சிறிய சேவையாளர்கள். இணையச் சேவை உரிமம் மூன்று வகை: 'ஏ' நாடு முழுக்க, 'பி' ஒரு மாநில வட்டத்துக்கு, 'சி' ஏறத்தாழ ஒரு மாவட்ட அளவுக்கு. சின்ன முதலீட்டிலும் ஒருவர் உள்ளே வரலாம் என்று திட்டமிட்டு வைத்த கதவு அது. தாளில் இதைவிடத் திறந்த சந்தை இருக்க முடியாது.

ஆனால் மதினி வாங்குவது நாட்டிலோ வட்டத்திலோ அல்ல, அந்தத் தெருவில். அவர் கடைக்குள் வருகிற கேபிள்களில் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாற முடிந்தால்தான் அவருக்குப் போட்டி இருக்கிறது என்று அர்த்தம். 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இதற்கு இடம் தருகிறது: பொருளின் சந்தை, இடத்தின் சந்தை இரண்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. இடத்தின் சந்தையை மதினியின் தெரு அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் அண்ணாச்சியின் பங்கு நூற்றுக்கு நூறு.

ஆனால் பல ஊர்களில் அண்ணாச்சி மாதிரி ஆட்கள் ஒழுங்குமுறையின் கண்ணிலேயே படுவதில்லை. உரிமம் கம்பெனியின் பெயரில் இருக்கும், அவர் அதன் உள்ளூர்ப் பங்குதாரர். ஒரே ஆள் இரண்டு கம்பெனிக்கும் பங்குதாரராக இருப்பார். டிராய் கணக்கில் அவை இரண்டு போட்டியாளர்கள். கம்பத்தில் ஒரே கல்லாப்பெட்டி. என் பார்வையில் இந்த வழக்கின் மையம் இதுதான். கட்டணப் பட்டியலை எத்தனை முறை திருத்தினாலும் இது மாறாது.

அப்புறம், இரண்டாவது கேபிள் போடுவது ஏன் இவ்வளவு அரிது? கண்ணாடி இழை விலை அதிகம் என்பதால் அல்ல. செலவு மண்ணில் இருக்கிறது: தோண்டுவது, கம்பம் நடுவது, அனுமதி, கூலி. ஒரே இழையைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் ஜிபான் முறையில், ஓர் இழையில் நொடிக்கு 2.5 ஜிகாபிட் வரை இறங்கும். அதை ஸ்பிளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீட்டுக்குப் பிரிக்கலாம். ஒரு தெருவுக்கு ஒரே இழை போதும். முதலில் வந்தவர் தெரு முழுவதையும் பிடித்துவிடுகிறார். இரண்டாமவர் அதே செலவைச் செய்து பாதி வீட்டுக்குத்தான் விற்க முடியும். கணக்குப் போட்டுப் பார்க்கிறவர் வருவதில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைக் கன்னடியன் கால்வாயை வைத்துச் சொன்னால் சட்டென்று புரிகிறது. கால்வாய் ஒன்றுதான், பயிர் வைக்கிறவர்கள் ஏராளம். ஒவ்வொருவரும் ஆற்றிலிருந்து தனிக் கால்வாய் வெட்டிக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. ஒருவர் தன் வயலோடு மடையை அடைத்துக்கொண்டால் ஊர் விடாது. கால்வாய்க்கு முறை, விளைச்சலில் போட்டி. ஃபைபரிலும் கம்பம், குழாய், இழை ஆகியவை கால்வாய். அதில் ஓடுகிற சேவை விளைச்சல். இரண்டையும் ஒரே பையில் போட்டு ஒழுங்குபடுத்த முயல்வதுதான் இன்றைய சிக்கல்.

மற்ற ஊர்களில்

ஸ்டாக்ஹோம் மாநகராட்சி 1994இல் ஸ்டோகாப் என்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. அது இழையை மட்டும் போட்டு, கேட்கிற எல்லாருக்கும் வாடகைக்கு விடுகிறது. தானாக இணையம் விற்பதில்லை. பிரிட்டனில் பழைய அரசுத் தொலைபேசிக் கம்பெனியின் வழித்தோன்றலிடமே கம்பமும் குழாயும் இருந்தன. 2006இல் அந்தப் பிரிவை ஓப்பன்ரீச் என்று தனியாக்கி, எல்லாக் கம்பெனிகளையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்றார்கள். அது போதவில்லை என்று 2017இல் அதைச் சட்டப்படி தனிக் கம்பெனியாக்க ஒப்புக்கொள்ள வைத்தார்கள். இப்போது போட்டிக் கம்பெனிகள் அதன் கம்பத்திலும் குழாயிலும் வாடகை கொடுத்துத் தங்கள் இழையைக் கொண்டுபோகலாம்.

நம் பக்கத்திலும் பொதுக் கால்வாய் வெட்டும் முயற்சி இல்லாமல் இல்லை. 2011இல் தேசிய ஒளியிழைத் திட்டமாகத் தொடங்கிய பாரத்நெட், தமிழ்நாட்டில் மாநில அரசு நிறுவனமான டான்ஃபினெட் வழியாக 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்க வேண்டும். சுமார் 1,815 கோடி ரூபாய் வேலை. அதன் முதல் டெண்டர் 2020 ஜூனில் ரத்தானது; போட்டியைச் சுருக்குகிற நிபந்தனைகள் அதில் இருப்பதாக மத்தியத் துறை கண்டதே காரணம். எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டிய வலையைக் கட்டுகிற ஒப்பந்தத்திலேயே கதவு குறுகலாக இருந்தது எனக்கு இன்றும் வருத்தம். 2023 ஆகஸ்ட்டில் 1,39,579 கோடி ரூபாயில் திருத்திய திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதில் இழைகளை வளையமாக இணைப்பது ஒரு நல்ல மாற்றம்: ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழியாக ஓடும்.

வளையத்தின் அருமை எங்களுக்கு 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தெரிந்தது. தாமிரபரணி கரை புரண்ட அந்த இரண்டு நாளில் வெளியூர்ப் பிள்ளைகள் பெற்றோரிடம் பேச முடியாமல் தவித்தார்கள். ஊருக்குள் வருகிற வழி ஒன்றே ஒன்று என்றால், கம்பெனி எத்தனை இருந்தும் பயனில்லை.

ஆனால் பாரத்நெட் கிராம ஊராட்சிகளுக்கானது. மதினி இருப்பது பேரூராட்சி. கிராமமும் இல்லை, பெரிய கம்பெனிகள் ஆசைப்படுகிற நகரமும் இல்லை. இந்த இடைவெளியில்தான் அண்ணாச்சிமார்கள் இருக்கிறார்கள்.

யாரிடம் போவது?

டிராய் தனி நபர் புகாரை எடுத்துத் தீர்ப்பதில்லை. 2012ஆம் ஆண்டு விதிமுறைப்படி முதலில் கம்பெனியின் புகார் மையம், பிறகு அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி. இரண்டும் கம்பெனிக்குள்ளேதான்.

போட்டி ஆணையம்? 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இங்கே முக்கியம். பழைய செல்போன் கம்பெனிகள் சேர்ந்துகொண்டு தன் அழைப்புகள் அவர்கள் வலைக்குள் போகத் தேவையான இணைப்பு முனைகளைப் போதிய அளவு தரவில்லை என்று புதிதாக வந்த கம்பெனி போட்டி ஆணையத்துக்குப் போன வழக்கு அது. தொலைத்தொடர்பு சார்ந்த விவரங்களை முதலில் டிராய் ஆராய்ந்து முடிவு செய்யட்டும், போட்டி ஆணையம் அதன் பிறகு வரட்டும் என்றது நீதிமன்றம். தர்க்கம் சரி. ஆனால் ஜெராக்ஸ் கடைக்காரருக்கு இதன் பொருள், டெல்லியில் ஒரு படிக்குப் பதில் இரண்டு படி.

நுகர்வோர் ஆணையத்துக்கான கதவும் வெகுகாலம் மூடியிருந்தது. பழைய தந்திச் சட்டத்தின் 7பி பிரிவைக் காட்டி, தொலைபேசிப் புகார்களை அங்கே எடுக்க முடியாது என்று 2009இல் ஒரு தீர்ப்பு வந்திருந்தது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டியது: தனியார் தொலைத்தொடர்புக் கம்பெனி மீது நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கடை வைத்திருப்பவர் நுகர்வோரா என்று எதிர்த்தரப்பு கேட்கும். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் நுகர்வோர்தான். மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணமும் இல்லை.

கம்பத்துக்கான பதில் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் இருக்கிறது. பொது இடத்தில் கேபிள் கொண்டுபோக அனுமதி தரும்போது பாரபட்சம் கூடாது, கூடியமட்டும் ஒருவருக்கே என்று தரவும் கூடாது. அதன் கீழ் வந்த வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அதற்கு முன்பே, 2021 அக்டோபர் திருத்தத்தில், தலைக்கு மேலே போகும் கேபிளுக்குக் கிலோமீட்டருக்கு ஒரு முறைக் கட்டணம் அதிகபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். உள்ளாட்சி கேட்கிற தொகை இனி தடையாக இருக்காது. ஆனால் ஏற்கெனவே நிற்கிற தனியார் கம்பத்தில் அடுத்தவர் நியாய வாடகைக்கு ஏறும் உரிமை, நம் தெரு அளவில், இன்னும் யாரும் பிடித்து நடத்தாத விஷயம். டிராய் ஒரே ஒரு வேலை செய்ய வேண்டும் என்று கேட்டால் நான் இதைத்தான் கேட்பேன். கம்பத்துக்கு வருட வாடகை என்ன என்று ஒரு தொகை வைத்து, அதை எல்லாருக்கும் ஒன்றாக்குங்கள். உள்ளூர்ப் பங்குதாரர் எந்தெந்தக் கம்பெனிக்கு இழை தருகிறார் என்பதைப் பில்லிலேயே அச்சடிக்கச் சொல்லுங்கள். மதினிக்கு அது தெரிந்திருந்தால் இரண்டாவது பில்லைக் கட்டியிருக்கவே மாட்டார்.

நாங்கள் செய்தது

முதலில் பேரூராட்சிக்குத் தகவல் உரிமை மனு போட்டேன்: எந்தத் தெருவில் யாருக்குக் கேபிள் அனுமதி, எந்தத் தேதியில்? பதில் ஒரே பக்கம். பழைய கம்பங்களுக்கு ஆவணம் இல்லை, புதிய கம்பெனியின் விண்ணப்பம் பரிசீலனையில். அந்த ஒரு பக்கம்தான் பின்னால் எங்களுக்குப் பெரிய பலம். அனுமதியே இல்லாத கம்பத்துக்குத் தனியுரிமை கொண்டாட முடியாது.

அதையும் வைத்து இரண்டு பழைய கம்பெனிகளுக்கும் நோட்டீஸ் அனுப்பினேன். மாற்று இணைப்பு என்று சொல்லி விற்றது மாற்று இணைப்பே இல்லை, இது சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக முறை. ஒரு கம்பெனி உடனே சமாதானம் பேச வந்தது. ஒரு வருடச் சந்தாவைத் திருப்பித் தந்தது. மற்றது மனு தயாராகி ஆணையத்துக்குப் போகிற நாள்வரை இழுத்துவிட்டு அதே தொகைக்கு ஒத்துக்கொண்டது. விண்ணப்பம் போகாத அந்தப் பிள்ளைக்கு எங்களால் ஒன்றும் வாங்கித் தர முடியவில்லை. அவள் கடையின் வாடிக்கையாளர், கம்பெனியின் வாடிக்கையாளர் அல்ல. இதை எழுதும்போதும் அது உறுத்துகிறது.

கம்பப் பேச்சு கண்ட்ரோல் ரூமில் நடந்தது. அண்ணாச்சி, புதிய கம்பெனியின் வட்டார ஆள், பேரூராட்சியிலிருந்து ஒருவர், நான். மூன்று உட்காரல் ஆனது. கம்பத்துக்கு வருடத்துக்கு இவ்வளவு வாடகை, கம்பெனி எதுவானாலும் அதே தொகை, ஒருவர் கேபிளை மற்றவர் தொட்டால் பழுதுபார்க்கும் செலவு தொட்டவருடையது என்று எழுதிக்கொண்டார்கள். வாடகை தன் வட்டியில் பாதியை அடைக்கும் என்று தெரிந்த பிறகுதான் அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். இலவச மாதத்தை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைக்க வட்டார ஆளும் சம்மதித்தார்.

மாதக் கட்டணம் பெரிதாக இறங்கவில்லை. ஐம்பது ரூபாய் குறைந்தது, அவ்வளவுதான். மாறியது வேறு. முன்பு சிவப்பு விளக்கு எரிந்தால் இரண்டு நாள் என்பது வழக்கம். இப்போது அண்ணாச்சியின் ஆட்கள் சாயங்காலத்துக்குள் வந்துவிடுகிறார்கள். புதிய கம்பெனியின் கேபிள் வேப்பமரப் பக்கமே போகவில்லை. ஸ்டேஷன் ரோடு வழியாக எதிர்த்திசையிலிருந்து தெருவுக்குள் வருகிறது.

2025 ஆடியிலும் காற்று பலமாகத்தான் அடித்தது. அதே வேப்பமரத்தில் இன்னொரு கிளை விழுந்தது. அன்று இரவு மதினி போன் செய்தார். "தம்பி, ஒண்ணு சிவப்பு. இன்னொண்ணு பச்சையிலயே நிக்கி. கடை பூட்ட ஒம்பது மணி ஆயிட்டு."